கூரையில் விழும் நீர்

கிள்ளான் பள்ளத்தாக்கில் மாலை இடிமழை புதிதன்று. அந்த நீரெல்லாம் கால்வாயில் ஓடி மறைகிறது. மறுநாள் காலையில், குழாய் நீரைப் பிடித்துக் கங்கோங் பாத்திக்கு ஊற்றுகிறார்கள். மழைநீரைச் சேகரித்தால் பணம் மிச்சமாகும் என்று சிலர் கூறுவர். நீர்க் கட்டணம் குறைவாக உள்ள நாட்டில் அந்த மிச்சம் சில காசுகளே. உண்மையான பயன் நீர்த்தடையின்போதுதான் தெரியும். 2020 செப்டம்பரில் சிலாங்கூர் ஆற்றில் மாசு கலந்ததால் இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய் வறண்டது. சமைக்கவும் குளிக்கவும் நீர் தேடி அலைந்தவர்கள் கத்தரிச் செடியையா நினைத்திருப்பார்கள்?

ஒரு சதுர மீட்டர் கூரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். வீட்டின் முன்கூரை 20 சதுர மீட்டர் என்றால், 10 மில்லிமீட்டர் மழைக்கே 200 லிட்டர். ஒரு பெரிய பீப்பாய் நிறைந்துவிடும். நாளுக்கு 20 லிட்டர் ஊற்றினாலும் பத்து நாளுக்கு வரும். முதலில் வடியும் நீரில் தூசியும் பறவை எச்சமும் கலந்திருப்பதால் அதை வெளியே விட்டுவிட வேண்டும். கீரைக்கு இலைமீது ஊற்றாமல் வேரடியில் ஊற்றுவது நல்லது.

ஆயினும், மூடாத பீப்பாய் ஏடிஸ் கொசுக்களை வளர்க்கும் தொட்டியாகிவிடும். முட்டை கொசுவாக மாற ஏறக்குறைய ஒரு வாரமே போதும். பீப்பாயின் வாயை நுண்வலையால் இறுக மூட முடியாதவர்கள், அதை வைக்காமலிருப்பதே மேல். வலையில் கிழிசல் இருக்கிறதா என்று வாரம் ஒருமுறை பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது.