சாவியை ஏட்டில் எழுதலாமா?

திருடர்கள் பூட்டை உடைக்கவில்லை. கன்னம் வைக்கவில்லை. சாவி ஓர் ஏட்டிலேயே எழுதி வைக்கப்பட்டு இருந்தது. எடுத்தார்கள். திறந்தார்கள். அள்ளிக்கொண்டு போனார்கள்!

அவர்கள் அள்ளியது பணம் அல்ல, நகை அல்ல. 5 கோடியே 70 லட்சம் பேரைப் பற்றிய விவரங்கள்!

அமெரிக்காவைச் சேர்ந்த ஊபர் என்னும் வாடகைக் கார் கம்பெனியில் 2016-ம் ஆண்டு நடந்த சம்பவம் இது. அந்தக் கம்பெனி மூலம் கார் பிடித்துப் போனவர்களின் பெயர்கள், இ-மெயில் முகவரிகள், செல்போன் எண்கள் எல்லாம் பறிபோயின. அமெரிக்காவில் கார் ஓட்டிப் பிழைக்கும் சுமார் 6 லட்சம் டிரைவர்களின் லைசென்சு எண்களும் போயின.

அவ்வளவு பெரிய கம்பெனியில் காவல் இல்லையா? இருந்தது. ஆனால் காவலைத் தாண்டும் சாவியைக் கம்பெனி ஆட்களே எழுதி வைத்திருந்தார்கள். எங்கே எழுதினார்கள்? ஏன் எழுதினார்கள்? இதை எல்லோரும் தெரிந்துகொள்வது நல்லது. ஏனென்றால், போனது கம்பெனியின் சொத்து அல்ல. கம்பெனியை நம்பிய குடும்பங்களின் சொத்து.

பொது ஏடு

கம்ப்யூட்டர் தானாக எதையும் செய்யாது. இதைச் செய், அடுத்து அதைச் செய் என்று வரிவரியாக எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தக் கட்டளைத் தொகுப்புக்குத்தான் 'புரோகிராம்' என்று பெயர்.

பெரிய புரோகிராமை ஒருவர் எழுத முடியாது. நூறு பேர், ஆயிரம் பேர் சேர்ந்து எழுதுவார்கள். ஒருவர் சென்னையில் இருப்பார். இன்னொருவர் லண்டனில் இருப்பார். எல்லோரும் எழுதுவதை ஒன்றாகச் சேர்த்து வைக்க ஒரு பொது ஏடு வேண்டும் அல்லவா?

அந்த ஏட்டை வைத்துக்கொள்ள உதவும் கருவிகளில் பெயர் பெற்றது 'கிட்'. பின்லாந்து நாட்டில் பிறந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற என்ஜினீயர் 2005-ல் இதை உருவாக்கினார். இப்படிப்பட்ட ஏடுகளை இன்டர்நெட்டில் வைத்துக் காக்கும் இடங்களில் பெரியது 'கிட்ஹப்'. 2008-ல் தொடங்கிய இந்த இடத்தில், 2023-ம் ஆண்டு ஜனவரியில் 10 கோடி பேர் கணக்கு வைத்திருந்தார்கள்.

சில ஏடுகள் ஊருக்கெல்லாம் திறந்தவை. யாரும் படிக்கலாம். சில ஏடுகள் கம்பெனி ஆட்கள் மட்டும் பார்ப்பவை.

ஏட்டைத் திறந்து வைப்பது தவறு அல்ல. உலகமெங்கும் பயன்படும் 'லினக்ஸ்' இப்படிப் பலர் கூடி, திறந்த ஏட்டில் எழுதியதுதான். சமையல் பக்குவத்தை ஊருக்கெல்லாம் சொல்லலாம். அதனால் நன்மைதான். ஆனால் அந்தக் காகிதத்திலேயே பீரோச் சாவியையும் முடிந்து கொடுக்கலாமா? அதுதான் கேள்வி.

சாவி ஏன் ஏட்டுக்கு வருகிறது?

வாடிக்கைக்காரர்களின் விவரங்கள் வேறோர் இடத்தில் பூட்டி வைக்கப்பட்டிருக்கும். புரோகிராம் அங்கே போய் விவரத்தை எடுத்து வர வேண்டும். அதற்கு ஒரு ரகசியச் சொல் வேண்டும். அதுதான் சாவி.

அந்தச் சாவியைப் புரோகிராமுக்கு வெளியே, தனி இடத்தில் பத்திரமாக வைக்க வேண்டும். ஆனால் வேலை அவசரம். "இப்போதைக்கு இங்கேயே எழுதி வைப்போம். பிறகு எடுத்துவிடலாம்" என்று நினைக்கிறார்கள். மறுநாள் மறந்துபோகிறது. ஏடு பொது இடத்துக்குப் போகிறது. சாவியும் கூடவே போகிறது!

ஊபரில் நடந்ததும் இதுதான். அது திறந்த ஏடுகூட அல்ல. கம்பெனியின் தனி ஏடு. சில என்ஜினீயர்கள் வேறு இடங்களில் பயன்படுத்திய பாஸ்வேர்டையே இங்கும் வைத்திருந்தார்கள். அந்தப் பாஸ்வேர்டுகள் முன்பே வேறு இடங்களில் திருட்டுப் போனவை. அவற்றைப் போட்டுப் பார்த்தார்கள் திருடர்கள். ஏடு திறந்தது. உள்ளே சாவி வெளிப்படையாக எழுதப்பட்டு இருந்தது!

"எங்கள் ஏடு எங்கள் ஆட்களுக்கு மட்டும்தானே? எழுதினால் என்ன?" என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு இதுவே பதில். இன்று தனி ஏடு, நாளை பிறர் கைக்குப் போகலாம்.

அடித்தாலும் அழியாது

கடைக் கணக்குப்பிள்ளை பேரேட்டில் தவறாக எழுதிவிட்டால், பக்கத்தைக் கிழிக்க மாட்டார். தவறு அப்படியே இருக்கும். கீழே திருத்தி எழுதுவார். எது எப்போது எழுதப்பட்டது என்று பின்னால் பார்க்க வேண்டும் அல்லவா?

கிட் என்னும் ஏடும் அப்படித்தான். இன்று ஒரு வரியை எடுத்துவிட்டால், இன்றைய பக்கத்தில் அது இராது. ஆனால் நேற்றைய பக்கத்தில் இருக்கும். பழைய பக்கத்தைப் புரட்டத் தெரிந்தவனுக்கு அது கிடைத்துவிடும். அது மட்டும் அல்ல. ஏட்டைப் பகிர்ந்துகொண்ட ஒவ்வொருவரிடமும் பழைய பக்கங்களோடு சேர்த்து முழுப் பிரதியும் இருக்கலாம். பழைய பக்கங்களைத் துடைக்கவும் வழி உண்டு. ஆனால் பிறரிடம் போய்விட்ட பிரதியைத் துடைக்க வழி ஏது?

ஆகையால், "பார்த்தேன், உடனே அழித்துவிட்டேன்" என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. திறந்த ஏடுகளில் சாவி விழுகிறதா என்று இரவு பகலாகத் தேடும் புரோகிராம்களைத் திருடர்கள் ஓட விட்டிருக்கிறார்கள். அவற்றுக்குத் தூக்கம் கிடையாது.

ஐந்து ஆண்டு கிடந்த சாவி

ஊபருக்கு அது முதல் அடி அல்ல. 2014-லேயே அந்தக் கம்பெனியின் என்ஜினீயர் ஒருவர், கிட்ஹப்பில் யாரும் பார்க்கக்கூடிய இடத்தில் சாவியைப் போட்டுவிட்டார். அந்த ஆண்டு மே மாதம் வெளி ஆள் ஒருவன் அதை எடுத்து நுழைந்தான். கம்பெனிக்குத் தெரிந்தது செப்டம்பரில்! 1 லட்சத்துக்கும் அதிகமான டிரைவர்களின் பெயர்களும் லைசென்சு எண்களும் அவன் கையில் சிக்கின. இரண்டு ஆண்டுகள் கழித்து மீண்டும் அதே போன்ற தவறு நடந்தது.

ஜப்பானில் டொயோட்டா கார் கம்பெனி 2022-ம் ஆண்டு அக்டோபரில் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. கம்பெனிக்காக வேலை செய்த ஒப்பந்தக்காரர் ஒருவர், புரோகிராமின் ஒரு பகுதியை கிட்ஹப்பில் தவறுதலாகத் திறந்து வைத்துவிட்டார். அதற்குள் சாவி இருந்தது. வைத்தது 2017 டிசம்பரில். கண்டுபிடித்தது 2022 செப்டம்பரில்!

ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் சாவி தெருவில் கிடந்தது. 2 லட்சத்து 96 ஆயிரத்து 19 வாடிக்கைக்காரர்களின் இ-மெயில் முகவரிகள் வெளியே போயிருக்கலாம் என்று கம்பெனி சொன்னது. நல்ல வேளையாக, பெயர், போன் எண், கிரெடிட் கார்டு எண் ஆகியவை அதில் இல்லை.

இவை ஏதோ ஒன்றிரண்டு இடத்தில் நடந்த விபத்துகள் அல்ல. ரகசியச் சொற்களைத் தேடிக் கண்டுபிடிப்பதையே தொழிலாகக் கொண்ட 'கிட்கார்டியன்' என்ற பிரெஞ்சுக் கம்பெனி கணக்கு எடுத்தது. 2023-ம் ஆண்டில் மட்டும் கிட்ஹப்பின் திறந்த ஏடுகளில் புதிதாக விழுந்த ரகசியங்கள் 1 கோடியே 28 லட்சம்!

சாவி வேறு, மனிதர் வேறு

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஏட்டில் விழக்கூடாதவை இரண்டு வகை.

ஒன்று, சாவி. அது போனால் பூட்டை மாற்றலாம். பழைய சாவி வெறும் இரும்புத் துண்டு ஆகிவிடும்.

மற்றொன்று, மனிதர்களின் விவரம். பெயர், பிறந்த தேதி, வீட்டு முகவரி, நோய், மருந்து. இவை வெளியே போனால் எதை மாற்றுவது? ஒரு தாய் தன் குழந்தையின் பிறந்த தேதியை மாற்ற முடியுமா? நோயாளி தன் நோயை மாற்ற முடியுமா? டிரைவரின் லைசென்சு எண்ணை வைத்து அவர் பெயரில் ஒருவன் மோசடி செய்தால், ஆபீஸ் ஆபீசாக அலையப் போவது யார்? சாவியைத் தவறாக எழுதிய என்ஜினீயர் அல்ல. அந்த டிரைவர்தான்.

தவறு செய்தவர் ஒருவர். தண்டனை அனுபவிப்பவர் இன்னொருவர். இந்த அநியாயத்தை நினைத்துப் பார்த்தால், அவசரத்தில் எழுதும் கை சற்றே நிற்கும்.

புரோகிராம் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்கச் சில விவரங்கள் வேண்டும். அதற்காக உண்மையான வாடிக்கைக்காரர்களின் பட்டியலை அப்படியே ஏட்டில் கொட்டும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது. இது கூடவே கூடாது. கற்பனைப் பெயரும் கற்பனை முகவரியும் போட்டுப் பார்த்தால் போதும். சோதனைக்கு அதுவே தாராளம்.

என்ன செய்யலாம்?

வழிகள் எளியவை. பெரும் செலவு பிடிப்பவையும் அல்ல.

சாவிகளைப் புரோகிராமுக்குள் எழுதாமல், அதற்கென்று உள்ள பெட்டகத்தில் வைக்க வேண்டும். புரோகிராம் ஓடும்போது அங்கிருந்து கேட்டு வாங்கிக்கொள்ளும்.

எந்தக் கோப்புகளை ஏட்டில் சேர்க்கக் கூடாது என்று கிட்டிடம் முன்கூட்டியே பட்டியல் கொடுக்கலாம். வேலை தொடங்கும் முதல் நாளிலேயே அதைக் கொடுத்துவிட வேண்டும்.

ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்துப் பார்த்த பிறகே ஏட்டில் சேர்க்க வேண்டும்.

பாஸ்வேர்டு மட்டும் போதாது. செல்போனுக்கு வரும் எண் போன்ற இரண்டாவது காவலும் வேண்டும். ஒரே பாஸ்வேர்டைப் பத்து இடத்தில் வைக்கக் கூடாது.

கிட்ஹப்பும் 2024-ம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு நல்ல காரியம் செய்தது. திறந்த ஏட்டில் சாவி போன்ற சொல் சேரப் போனால், வாசலிலேயே தடுத்து நிறுத்தும் ஏற்பாட்டை எல்லோருக்கும் தானாகவே நடைமுறைக்குக் கொண்டுவந்தது. ஆனால் அந்த வாயிற்காவலனுக்குச் சாவியின் உருவம்தான் தெரியும். ஒரு நோயாளியின் பெயரைக் கண்டால் அதற்கு என்ன தெரியும்? அதை மனிதர்தான் பார்க்க வேண்டும்.

இத்தனையும் மீறிச் சாவி விழுந்துவிட்டால்? முதலில் பூட்டை மாற்ற வேண்டும். ஏட்டைச் சுத்தம் செய்வது அப்புறம். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஏட்டை மட்டும் துடைத்துவிட்டு, பழைய சாவியையே வைத்துக்கொள்கிறார்கள். தெருவில் விழுந்த சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டால் போதுமா? அதற்குள் அச்சு எடுத்தவன் யார் என்று யாருக்குத் தெரியும்?

மறைத்ததால் வந்த வினை

ஊபர் கம்பெனிக்கு 2016-ல் திருட்டு தெரிந்ததும், திருடர்களுக்கு 1 லட்சம் டாலர் கொடுத்து விஷயத்தை அமுக்கினார்கள். பறிகொடுத்த மக்களிடம் சொல்லவில்லை. ஓர் ஆண்டு கழித்து, 2017 நவம்பரில்தான் உண்மை வெளியே வந்தது.

விளைவு என்ன? 2018-ல் அமெரிக்க மாநிலங்களுக்கு 14 கோடியே 80 லட்சம் டாலர் கொடுக்கக் கம்பெனி ஒப்புக்கொண்டது. பாதுகாப்புக்குப் பொறுப்பாக இருந்த தலைமை அதிகாரியைக் குற்றவாளி என்று 2022-ல் கோர்ட்டு தீர்மானித்தது. சாவியைத் தவறவிட்டதற்காக அல்ல, மறைத்ததற்காக!

இந்தியாவிலும் 2023-ல் தனிநபர் விவரங்களைப் பாதுகாக்கச் சட்டம் இயற்றப்பட்டிருக்கிறது. தகுந்த காவல் செய்யத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அதில் இடம் இருக்கிறது.

ஆனால் அபராதத்துக்குப் பயந்து மட்டும் இந்தக் காரியம் நடக்காது. கம்பெனித் தலைவர்களுக்கு இதில் பெரிய பொறுப்பு உண்டு. "ஐயா, கை தவறிச் சாவியை எழுதிவிட்டேன்" என்று ஓர் இளைஞர் வந்து சொன்னால், அவரை வேலையை விட்டு விரட்டக் கூடாது. விரட்டினால் அடுத்தவர் வாயைத் திறக்க மாட்டார். சாவி ஐந்து ஆண்டு தெருவில் கிடக்கும். உடனே சொன்னவருக்கு ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்கள். பூட்டை மாற்றுங்கள். பறிகொடுத்த மக்களுக்குத் தகவல் கொடுங்கள்.

நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இந்த வேலையில் இருக்கிறார்கள். புரோகிராம் எழுதத் தெரியாத பெற்றோர்கூட அவர்களிடம் ஒன்று சொல்லலாம்: ஏட்டில் இருப்பவை வெறும் எழுத்தும் எண்ணும் அல்ல. ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு மனிதர் இருக்கிறார். அவர் தம் விவரத்தை நம்பிக் கொடுத்தார். அடுத்தவர் நம்பிக் கொடுத்த பொருளை நம் பொருளைவிடப் பத்திரமாகக் காக்க வேண்டும்.