முட்டைக்குள் வராத புற்று

"கேன்சருக்கான ஜீன் கண்டுபிடிப்பு" என்று அடிக்கடி பேப்பரில் ஒரு செய்தி வரும். படிச்சதும் நம்ம ஆட்கள் "எல்லாம் ஜீன்ல எழுதியிருக்குங்க, நாம என்ன பண்றது"ன்னு முடிச்சுடுவாங்க. தலையெழுத்துக்கு இப்போ புதுப் பேர் ஜீன், அவ்வளவுதான். இந்தப் பேச்சு எனக்கு ஒத்துக்கலை. ஏன்னு சொல்ல மினா பிஸ்ஸல் என்ற விஞ்ஞானியின் கதையே போதும்.

1940ல் டெஹ்ரானில் பிறந்தவர். அமெரிக்கா போய் 1969ல் ஹார்வர்டில் பாக்டீரியா மரபியலில் டாக்டர் பட்டம் வாங்கினார். 1972ல் கலிபோர்னியாவில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார்.

அதுக்கு ரொம்ப முன்னாடியே, 1911ல், நியூயார்க்கில் பெய்டன் ரவுஸ் ஒரு வேலை செய்திருந்தார். கோழிக்கு வந்த கட்டியை அரைச்சு, ஒரு செல்கூட இல்லாதபடி வடிகட்டி, அந்தச் சாறை வேறு கோழிக்கு ஊசி போட்டார். அதுக்கும் கட்டி! காரணம் ஒரு வைரஸ். (இதுக்கு நோபல் பரிசு கிடைச்சது 1966ல். 55 வருஷம் கழிச்சு!) அந்த வைரஸில் உள்ள ஒரே ஒரு ஜீன்தான் புற்றை உண்டாக்குதுன்னு பிறகு தெரிஞ்சுது. ஆக, ஜீன் இருந்தா புற்று. கணக்கு முடிஞ்சுதா?

முடியலை. 1984ல் பிஸ்ஸலும் டோல்பெர்க்கும் அதே வைரஸை முட்டைக்குள் இருக்கும் கோழிக்கருவில் செலுத்தினார்கள். வைரஸ் செல்லுக்குள் போச்சு, ஜீனும் வேலை செஞ்சுது. கட்டி மட்டும் வரலை. அதே கருவின் செல்களைப் பிரிச்சு எடுத்துத் தட்டில் வளர்த்தா, புற்று செல்லா மாறிடுச்சு. அடுத்த வருஷம் இன்னொரு சோதனை. கோழிக்குஞ்சின் ஒரு சிறகில் வைரஸ் ஊசி போட்டால் அங்கே கட்டி வரும். மறு சிறகில் சும்மா ஒரு காயம் பண்ணினால் அங்கேயும் கட்டி! அதாவது ஜீன் மட்டும் பத்தாது, இடமும் சூழலும் ஒத்துழைக்கணும்.

செல்லைச் சுத்தி ஒரு புரத வலை இருக்கு. அதை வெறும் சாரமாத்தான் நினைச்சிட்டிருந்தாங்க. அந்த வலையும் செல்லுக்குள் இருக்கும் ஜீன்களும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன என்று பிஸ்ஸல் 1982லேயே எழுதினார். எலியின் பால் சுரப்பி செல்லை பிளாஸ்டிக் தட்டில் வளர்த்தா பால் புரதம் சுரக்கவே மறந்துடும். அதையே புரதக் கூழில் வச்சா உருண்டையாக் கூடி, நடுவில் குழிவிட்டு, சுரக்க ஆரம்பிக்கும். அந்தக் கூழ் எடுக்கப்படுவது எலிக்கு வரும் ஒரு புற்றுக்கட்டியிலிருந்து என்பதுதான் வேடிக்கை :-)

1997ல் அவரது குழு மார்பகப் புற்று செல்களை எடுத்து, அவை வலையைப் பிடித்துக்கொள்ளும் ஒரு கொக்கிப் புரதத்தை மட்டும் தடுத்தது. செல்கள் சாதுவா மாறி, ஒழுங்கான உருண்டைகளாச்சு. ஜீனில் இருந்த கோளாறெல்லாம் அப்படியே இருக்கு, நடத்தை மட்டும் வேற.

இங்கேதான் ஒரு எச்சரிக்கை. "அப்போ மனசைச் சுத்தமா வச்சா கேன்சர் ஓடிடும்"னு யாராவது கிளம்பிடுவாங்க. பிஸ்ஸல் சொன்ன சூழல் புரதமும் செல்லும் சம்பந்தப்பட்டது, மனசோ ஜாதகமோ இல்லை. மேலே சொன்னதெல்லாம் தட்டிலும் விலங்குகளிலும் நடந்த சோதனைகள். ஜீனும் முக்கியம்தான். குடும்பத்தில் பலருக்கு மார்பகப் புற்று இருந்தா டாக்டரைப் பார்த்து ஜீன் பரிசோதனை பற்றிக் கேட்கத்தான் வேணும். வைத்தியத்தைப் பாதியில் விட இது சாக்கு இல்லை.

ஆனா "ஜீன்ல இருக்கு, முடிஞ்சு போச்சு"ன்னு கையைக் கட்டிட்டு உட்காரவும் இது சாக்கு இல்லை. பாக்டீரியா, கோழி, எலி, கூழ், மனுஷப் புற்று என்று துறை துறையாத் தாண்டிப் போனதால்தான் பிஸ்ஸலுக்கு இது தெரிஞ்சுது. நம்ம காலேஜில் ஜுவாலஜிக்காரர் கெமிஸ்ட்ரி லேப் பக்கம் போனாலே "உனக்கு இங்க என்ன வேலை"ன்னு கேட்பாங்க. அந்தச் சுவரை முதல்ல இடிக்கணும்னு நான் நினைக்கிறேன். நீங்க என்ன சொல்றீங்க?