வாசிகசாலை மேசையும் வெளியீட்டு மேடையும்

ஈழத்துத் தமிழிலக்கியம் பற்றி உரைப்போர் நூற்பட்டியலை நீட்டுவதிற் காட்டும் ஊக்கத்தை, அந்நூல்கள் எச்சூழலில் எழுதப்படுகின்றன என வினவுவதிற் காட்டுவதில்லை. ஊரிலிருந்து எழுதுபவன் தன் கையெழுத்துப் பிரதியை யாருக்கு வாசித்துக் காட்டுகிறான்? பெரும்பாலும் ஒருவருக்குமில்லை. நேரே அச்சகத்திற்குச் செல்கிறான். மனைவியின் காப்பு அடைவுக்குப் போகிறது. முந்நூறோ ஐந்நூறோ பிரதிகள் அச்சாகின்றன. அடுத்து வெளியீட்டு விழா.

அவ்விழாவின் ஒழுங்கை யாவரும் அறிவர். மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரைகள் நான்கு, வெளியீட்டுரை. முதற்பிரதி பெறும் வர்த்தகப் பிரமுகர் நூலைப் புரட்டுமுன் புகைப்படக்காரரை நோக்குகிறார். நயவுரை நிகழ்த்துபவருக்கு நூல் முதல்நாளிரவே கிட்டியிருக்கும். ஆதலின் அவர் அணிந்துரையை நயக்கிறார். அணிந்துரை எழுதியவரும் மேடையிலேயே அமர்ந்திருப்பதால் அது வீண்போவதில்லை! பதினைந்தாம் பக்கத்திற் கமலாவாயிருந்தவள் நாற்பதாம் பக்கத்தில் விமலாவாகியிருப்பதை எவரும் சுட்டுவதில்லை. சுட்டினும் பயனில்லை. அச்சேறிய பின்னர் கூறப்படும் திருத்தம் எழுத்தாளனை நோகச்செய்யுமேயன்றி எழுத்தைச் சீராக்காது.

ஆகவே விமர்சனம் நிகழவேண்டிய இடம் மேடையன்று. ஊர் நூலகத்தின் மேசையே. மாதமொருமுறை அங்கு கூடி, அச்சேறாத ஆக்கங்களை வாசித்து, வரிவரியாக விவாதிக்கும் எழுத்தாளர் வட்டம் ஒவ்வொரு நூலகத்திலும் அமைதல் வேண்டும். இது புதுமையான கோரிக்கையன்று. 1943 இல் யாழ்ப்பாணத்தில் தோன்றிய மறுமலர்ச்சிச் சங்கம் இளம் எழுத்தாளர்கள் ஒன்றுகூடியதன் விளைவே; அதன் பயனாக 1946 இல் ‘மறுமலர்ச்சி’ சஞ்சிகை பிறந்தது. கூடிப் பேசியவர்களே ஒரு தலைமுறையின் சிறுகதையை உருவாக்கினர்.

இதனை மறுப்போர் முதலில் முன்வைப்பது அமைதி என்னும் வாதம். நூலகம் மௌனமாக வாசிக்கும் இடமாம். பேச்சுக்கு அங்கு இடமில்லையாம். பரீட்சை வினாத்தாள்களை மனனஞ்செய்யும் மாணவருக்கும் பத்திரிகை புரட்டும் ஓய்வூதியருக்கும் மட்டுமே நூலகம் உரியதென்பதே இதன் பொருள். 1933 இல் க. மு. செல்லப்பா தம் இல்லத்திற் சிறு நூலகமொன்றைத் தொடங்கியபோது பொதுமக்கள் ஆதரவையே நம்பினார். அவ்வாறு முளைத்ததே பின்னர் யாழ்ப்பாணப் பொதுநூலகமாயிற்று. மக்கள் கூடிப் பேணியதொன்றில் அம்மக்கள் மாதம் இரண்டு மணிநேரம் பேசுவது எங்ஙனம் குற்றமாகும்?

இரண்டாவது வாதம் தரம் பற்றியது. “கண்டவனெல்லாம் எழுதத் தொடங்கிவிடுவான்” என்கின்றனர். இச்சொல்லின் பழைமை கவனிக்கத்தக்கது. அறுபதுகளின் தொடக்கத்தில் உழைக்கும் மக்களின் பேச்சு கதையில் வந்தபோது அதனை ‘இழிசனர் வழக்கு’ என்று பண்டிதர் சிலர் பழித்தனர். அக்குரலே இன்று தரம் என்னும் சால்வை போர்த்து வருகிறது. டொமினிக் ஜீவா 1966 இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார், யாழ்ப்பாணம் கஸ்தூரியார் வீதியிலிருந்த முடிதிருத்தும் நிலையமே அச்சஞ்சிகையை நாடி வந்தோரின் இலக்கியச் சந்திப்பிடமுமாயிற்று. சீவற்றொழிலாளியும் மீனவனும் ஆசிரியரும் ஒரே வாங்கில் இருந்து இலக்கியம் பேச, ஊர்ப் பெரியோரின் மண்டபங்களை விட அது இசைவான இடமாயிருந்தது. சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் 1957 இலேயே இயற்றப்பட்டது மெய்யே. ஆயின், சட்டம் கதவைத் திறக்கும்; உள்ளே கதிரையை இழுத்துக் கொடுப்பதில்லை. ஒரு குறிச்சியாரின் வாசிகசாலைக்கு மறு குறிச்சியார் செல்லத் தயங்கும் ஊர்களில், யாருடைய கதை அம்மேசையில் வாசிக்கப்படும் என்பதே உண்மையான வினா. தரத்திற்காக அழுவோர் இவ்வினாவைத் தொடுவதில்லை.

மூன்றாவது ஐயம் நியாயமானது. இத்தகைய வட்டங்கள் ஒருவரையொருவர் புகழும் சங்கங்களாக விரைவிற் சீரழிகின்றன. தலைவர், செயலாளர், போசகர் என்று பதவிகள் பெருகினால் அங்கும் பொன்னாடை வந்துசேரும். எனவே வட்டத்திற்குப் போசகர் வேண்டாம். வாசிப்பவர் தம் ஆக்கத்தை விளக்கலாகாது. கேட்டவர்கள் பேசி முடியும்வரை வாய்திறத்தலும் ஆகாது. நேரமும் சிந்திக்கத்தக்கது. வேலைநாளின் மாலை நான்கு மணிக்குக் கூட்டம் வைத்தால், கடைச் சிப்பந்தியும் தையல்வேலை செய்யும் பெண்ணும் வரமுடியாது. வழமைபோல் ஆசிரியர்களே ஆசிரியர்களுக்கு வாசித்துக்கொண்டிருப்பர். பல்கலைக்கழகத்தாரும் தலைமையுரைக்கு மட்டும் ஊருக்குச் செல்லும் வழக்கத்தை விட்டு, தம் ஆக்கத்தையும் அங்கு வாசித்துத் திருத்தம் கேட்கட்டும். அதற்குத் துணிபவர் எத்தனைபேர் என்பது வேறுவிடயம்.

வாசிக்கப்படும் ஒவ்வோர் ஆக்கத்திலும் இரு பிரதிகள் எடுத்து, ஒன்றை அந்நூலகத்திலும் மற்றையதைத் தொலைவிலுள்ள வேறொரு நூலகத்திலும் வைத்தல் வேண்டும். 1981 இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. அச்சு நூல்கள் சிலவற்றையேனும் பிறவிடங்களிலிருந்து மீளப்பெற முடிந்தது. கையெழுத்திலிருந்தவற்றுக்கு வேறு பிரதி இருக்கவில்லை.