அரைக்கும்போதே போட்ட உப்பு

பொட்டி தட்டுற ஆணிகளைப் பற்றி நான் இங்கே அதிகம் எழுதுவதில்லை. வீட்டில் இருப்பவர்களுக்கு அது மொக்கை. ஆனால் இந்த ஆணி தங்கமணியையும் சின்னவனையும் மழையில் நிற்க வைத்தது. அதனால் கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

2023 ஜூலை. புனே மழை எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கம் இருப்பவர்களுக்குத் தெரியும். ஸ்கூல் பஸ் நடுவழியில் நின்றுவிட்டது, நாற்பது நிமிஷம் லேட். அப்படி ஆனால் பெற்றோருக்கு எஸ்.எம்.எஸ். போயிருக்க வேண்டும். போகவில்லை. தெருமுனையில் பத்துப் பதினைந்து அம்மாக்கள் குடையோடு. தங்கமணி போன் பண்ணி, "இந்த மெசேஜ் அனுப்புறது உங்க ஆபீஸ் சாஃப்ட்வேர்தானே?" என்றாள். அதேதான்.

அது எலிக்சிர் என்ற மொழியில் எழுதினது. பிரேசில்காரர் ஜோசே வாலிம் ஆரம்பித்தது, 1.0 வந்தது 2014-ல்தான். ஓடுவது மட்டும் 1980களில் எரிக்சன் கம்பெனியில் பிறந்த எர்லாங்கின் மேல். பாட்டி வீட்டில் குடியிருக்கும் பேரன் என்று வைத்துக் கொள்ளுங்களேன். நாம் எழுதுவதை கம்பைலர் பைட்கோடாக மாற்றி, மாட்யூலுக்கு ஒன்றாக பீம் கோப்புகளில் போடும். சர்வரில் ஓடுவது அந்த பைட்கோடுதான்.

முன்பெல்லாம் சர்வரிலேயே கம்பைல் பண்ணுவோம். ஜூனில்தான் அதற்கென்று தனி மெஷின் வைத்து, பீம் கோப்புகளை மட்டும் சர்வருக்கு அனுப்ப ஆரம்பித்தோம். பொறுப்பு, திண்டுக்கல்லிலிருந்து வந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையனிடம்.

முதல் நாளே ஒரு பிழை வந்தது. புது மெஷினில் ஓடிபி 26, சர்வரில் 25. (பேங்க் அனுப்பும் ஓடிபி இல்லை, எர்லாங்கின் பதிப்பை அப்படித்தான் சொல்வார்கள்.) சில மாட்யூல்களை ஏற்றவே மாட்டேன் என்றது சர்வர். இவை பிந்தைய பதிப்புக்காக கம்பைல் ஆனவை, மறுபடி கம்பைல் பண்ணு என்று காரணத்தையும் அதுவே சொன்னது. பையன் இரண்டு இடத்திலும் 25 போட்டான். அரை மணி நேரத்தில் முடிந்தது. இப்படி வாய்விட்டுக் கத்தும் பிழையால் யாருக்கும் கெடுதல் இல்லை.

மழை நாளில் வந்தது கத்தவே இல்லை. எல்லா மாட்யூலும் ஏறியது, டெஸ்ட் எல்லாம் பச்சை. லாகில் "அனுப்பியாச்சு" என்றுதான் இருந்தது. உண்மையில் மெசேஜ்கள் எங்கள் டெஸ்ட் கேட்வேக்குப் போய் அங்கேயே அடங்கிவிட்டன. சர்வரில் கேட்வே விலாசத்துக்கான என்விரான்மென்ட் வேரியபிளைப் பார்த்தால் சரியாக இருக்கிறது. அதே மாட்யூலை சர்வரில் ஸ்கிரிப்டாக ஓட்டினாலும் சரியான விலாசம். பீம் கோப்பில் டெஸ்ட் விலாசத்தை கிரெப் பண்ணித் தேடினால் ஒன்றும் கிடைக்கவில்லை. (கிடைக்காது. இந்தப் பதிப்புகளில் மாறிலிகளை பீம் கோப்பு சுருக்கித்தான் வைத்திருக்கும். அது உறைக்க எனக்கு ஒரு மணி நேரம்.) கடைசியில் ஓடிக்கொண்டிருந்த சர்வரின் ஷெல்லில் அந்த ஃபங்ஷனையே கூப்பிட்டுப் பார்த்தேன். டெஸ்ட் விலாசம் வந்து நின்றது.

மாவு அரைக்கிற வீட்டில் இதைப் புரிய வைப்பது சுலபம். சட்னிக்கு உப்பு பரிமாறும்போதுகூட போடலாம். மாவில் அரைக்கும்போதே போட்டுவிட்டால் அப்புறம் எந்த வீட்டுக்குக் கொண்டு போனாலும் அதே உப்புதான். எலிக்சிரில் ஃபங்ஷனுக்குள் எழுதினது ஓடும்போது நடக்கும். ஃபங்ஷனுக்கு வெளியே, மாட்யூலின் நேர் உடம்பில் எழுதினது கம்பைல் ஆகும்போதே நடந்து முடிந்துவிடும். எங்கள் விலாசத்தைப் படிக்கும் வரி வெளியே இருந்தது. தனி மெஷினில் இருந்தது டெஸ்ட் விலாசம். அதுவே பைட்கோடில் உறைந்துவிட்டது. ஸ்கிரிப்டாக ஓட்டும்போது பைட்கோடு அங்கேயே மெமரியில் புதிதாக உருவாகிறது, அதனால்தான் அது மட்டும் சரியாக வந்தது.

அன்று காலை ஆபீஸில் நடந்த வைத்தியத்தைச் சொல்கிறேன். பில்ட் ஃபோல்டரை அழி, மறுபடி கம்பைல் பண்ணு. இரண்டு முறை. அதே மெஷினில் செய்தால் அதே உப்புதானே! பிறகு டேமேஜர் "பழையபடி சர்வரிலேயே கம்பைல் பண்ணுங்கள்" என்றார், வேலை செய்தது, விஷயம் முடிந்தது என்று மெயில் வரைந்துவிட்டார். காரணம்: ஜூனியரின் கவனக்குறைவு. பையனுக்கு ப்ரொபேஷன் முடிய மூன்று வாரம்.

எனக்குக் கோபம் வந்தது இதில்தான். அழித்துவிட்டுக் கம்பைல் பண்ணுவதை நானும்தான் செய்கிறேன், நூறு தடவை செய்திருப்பேன். ஆனால் அது தீர்த்தால் ஏன் தீர்ந்தது, தீர்க்காவிட்டால் ஏன் தீரவில்லை என்று கேட்காமல் ஆளைப் பிடிப்பது அநியாயம். அந்தப் பையன் செய்தது சரியான காரியம். தனி மெஷினில் கம்பைல் பண்ணுவதால்தான் ஒளிந்திருந்த வரி வெளியே வந்தது.

மொழியின் இளமைக்கும் இதில் பங்கு உண்டு. இந்த மாதிரி விலாசங்களை ஓடும்போது படிக்க ரன்டைம் கான்ஃபிக் என்று தனிக் கோப்பு 2020-ல், 1.11 பதிப்பில்தான் வந்தது. அதே வருஷம் 1.10-ல் கம்பைல்_என்வ் வந்தது. ரிலீஸாகக் கட்டினால், கம்பைல் நேரத்துக் கான்ஃபிக் மதிப்பும் இப்போதைய மதிப்பும் வேறாக இருந்தால் கிளம்பும்போதே கத்தி நின்றுவிடும். அதற்கு முன் எழுதினவர்கள் கண்ட இடத்தில் எழுதினார்கள். மொழி வளர்ந்தது, எங்கள் கோடு வளரவில்லை.

அந்த வரியை யார் எழுதியது என்று கிட்டில் பார்த்தேன். 2019. என் பெயர்.

எல்லோருக்கும் போகிற மாதிரி அதை அப்படியே பதிலில் எழுதினேன். டேமேஜர் சாயங்காலம் வரை பேசவில்லை, பிறகு காரணத்தை மாற்றி எழுதினார். பையன் வந்து "அண்ணா, நீங்க சொல்லாமலே விட்டிருக்கலாமே" என்றான். வீட்டில் சொன்னதற்கு, "அப்ப எங்களை நனைய விட்டது நீங்கதானா?" என்று கேட்டுவிட்டு தங்கமணி தோசையைத் திருப்பப் போய்விட்டாள்.

அடுத்த வாரம் நானும் பையனும் உட்கார்ந்து தேடியதில் அதே மாதிரி இன்னும் நான்கு வரிகள் கிடைத்தன. மூன்று என்னுடையவை.