குழாய்க் கருவியும் நமது கோரிக்கையும்

கொவிட் காலத்தில் லயங்களில் ஒரு பேச்சு இருந்தது: "குழாய் போட்டால் ஆள் திரும்பி வரமாட்டார்." அந்தப் பயத்தில் மூச்சுத் திணறலை மறைத்துக்கொண்டு காம்பராவுக்குள்ளேயே கிடந்தவர்கள் உண்டு. குழாய் போடும் நிலைக்கு வந்த பலர் பிழைக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் அவர்களைக் கொன்றது குழாய் அல்ல, நுரையீரலைப் பழுதாக்கிய நோய். இதை நாம் வீடு வீடாகச் சொல்ல வேண்டும்.

குழாய் போடுவது எளிய வேலையுமல்ல. மயக்க மருந்து கொடுத்ததும் நோயாளியின் மூச்சு நின்றுவிடும். நுரையீரல் கெட்டவருக்கு ஒட்சிசன் மளமளவென்று இறங்கும். அதற்குள் நாக்கை ஒதுக்கி, குரல்வளையைக் கண்டு, குழாயை உள்ளே செலுத்த வேண்டும். வாய் சரியாகத் திறக்காதவர், கழுத்தை அசைக்க முடியாதவர் என்றால் குரல்வளை கண்ணுக்கே படாது. பழைய கருவியில் வைத்தியர் நோயாளியின் வாய்க்கு நேரே குனிந்து பார்க்க வேண்டும். 2003இல் ரொறன்ரோவில் சார்ஸ் பரவியபோது இந்த வேலையைச் செய்த சுகாதார ஊழியர்களும் தொற்றுக்கு ஆளானார்கள். அவர்களும் தொழிலாளர்களே.

வீடியோ லரிங்கோஸ்கோப் என்ற கருவியின் நுனியில் சின்னஞ்சிறு கமரா இருக்கிறது. வைத்தியர் முகத்தை விலக்கி வைத்துத் திரையைப் பார்த்தே குழாயைச் செலுத்தலாம். பக்கத்தில் நிற்கும் தாதியும் பார்த்து உதவலாம். 200க்கு மேற்பட்ட ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வெளியான கொக்ரேன் மதிப்பாய்வு, இதனால் குழாய் போடும் முயற்சி தோல்வியடைவது குறைகிறது என்று கண்டது. ஆனாலும் திரையில் குரல்வளை தெரிந்தும் குழாய் உள்ளே போக மறுப்பதுண்டு. கைப்பழக்கம் வேண்டும். வாங்கி அலுமாரியில் பூட்டி வைத்த கருவி யாருடைய மூச்சையும் காப்பாற்றாது.

டிக்கோயாவில் 2017இல் இந்திய உதவியுடன் 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது. நாம் மகிழ்ந்தோம். கட்டடத்தோடு கேள்வி முடிந்துவிடுமா? மலையகத்தில் நம் மக்கள் போய்ச் சேரும் ஒவ்வொரு பெரிய வைத்தியசாலையிலும் இந்தக் கருவி இருக்கிறதா, இரவில் அதைக் கையாளப் பயிற்சி பெற்றவர் இருக்கிறாரா? அடுத்த தொற்று வருமுன் சுகாதார அமைச்சு பதில் சொல்ல வேண்டும்.

தோட்ட நிர்வாகங்களுக்கும் பங்குண்டு. 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மேற்பிரிவு லயம் வரை அது ஏறப் பாதை வேண்டாமா? கொழுந்து லொறியில் நோயாளியை ஏற்றும் வழக்கம் இன்னும் எத்தனை காலம்?

தோட்டக் கமிட்டித் தலைவர்களே, உங்கள் பிரிவில் எந்த லயம் வரை அம்புலன்ஸ் வரமுடியாது என்பதை எழுதி, அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பிராந்திய சுகாதாரப் பணிப்பாளருக்குக் கொடுக்கும் மனுவில் அதையும் சேர்ப்போம்.