டெப்பட் கவரும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்த பேச்சும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை ஸ்கூல் வேனில் அனுப்புகிற உம்மா வாப்பாமார் கட்டாயம் வாசியுங்கள். ஆசிரியர்களும் வாசித்தால் நல்லது, கடைசியில் எங்களைப் பற்றியும் இருக்கிறது.

வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்குப் படிப்பிக்கப் போகும் நாங்கள் மூன்று பேர் ஒரே வேனில்தான் போய்வருகிறோம். கூடவே 11 பிள்ளைகள். வேன் பழைய டொல்பின், 3எல் எஞ்சின், 2779 சிசி டீசல். டொல்பினில் எஞ்சின் முன்சீற்றுக்குக் கீழே இருக்கும் என்பது ஏறினவர்களுக்குத் தெரியும். நெரிசலில் நின்றால் சீற்று சுடும். சுடுவது பரவாயில்லை. இந்த முறை நோன்பு முடிந்த கையோடு வேனுக்குள் எண்ணெய் கருகுகிற மணம் வரத் தொடங்கியது. காலி வீதியில் கொள்ளுப்பிட்டி தாண்டுமுன் சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள்.

வேன் நானா சொன்னார்: "டெப்பட் கவர்ல லேசா ஒயில் கசியுது சேர். பயப்பட ஒண்டுமில்ல. குறைஞ்சா ஊத்திக்கிறன்."

நாங்களும் பயப்படவில்லை. அதுதான் எங்கள் முதல் பிழை.

எஞ்சினின் தலைக்கு மேலே மூடி போல இருப்பதுதான் டெப்பட் கவர். அதன் கீழே கேம் சாஃப்ட் சுழல்கிறது, வால்வுகள் திறந்து மூடுகின்றன, ஒயில் எந்நேரமும் தெறிக்கிறது. மூடிக்கும் தலைக்கும் நடுவே ஒரு ரப்பர் பெக்கிங். வருடக்கணக்கில் சூட்டில் கிடந்து அது பிளாஸ்டிக் போல இறுகிவிடும், பிறகு கசியும். கசிகிற ஒயில் பக்கத்துச் சூடான சைலன்சர் குழாய்ப் பக்கம் சொட்டினால் புகை, நிறையச் சொட்டினால் நெருப்பும் பிடிக்கலாம். முன்பக்கமாக இறங்கி டைமிங் பெல்ட் இருக்கும் இடத்துக்குப் போனால் பெல்ட்டின் ரப்பர் கெட்டுப்போகும். இந்த எஞ்சினில் பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதும், ஓடிக்கொண்டிருந்த வண்டி நடுவீதியில் நின்றுவிடும். முன்னால் பஸ், பின்னால் லொறி, உள்ளே 11 பிள்ளைகள். "லேசா கசியுது" என்ற பேச்சுக்குள் இவ்வளவும் இருக்கிறது.

இதில் நானாவை மட்டும் குறை சொல்ல முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திறந்தார்கள். நடுவில் 2022 வந்தது. டீசலுக்கு நாள்கணக்கில் வரிசை, பிறகு கியூஆர் கோட், ரூபா விழுந்து பஞ்சிகாவத்தையில் ஒவ்வொரு சாமானும் ஏறின விலை. பழைய வேனைத்தான் எல்லாரும் ஓட்டினார்கள். வேன் காசைக் கூட்டுகிறேன் என்று அவர் சொன்ன ஒவ்வொரு முறையும் வாட்ஸ்அப் குரூப்பில் சண்டை பிடித்தவர்கள் யார்? நாங்கள்தானே. அந்தக் காசு எங்கிருந்து மிச்சமாகிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. புகைப் பரிசோதனைச் சான்றிதழ் இருக்கிறது, வருமான அனுமதிப்பத்திரம் இருக்கிறது, எல்லாம் சரி என்று இருந்துவிட்டோம். அந்தப் பரிசோதனை டீசல் வண்டியின் புகை எவ்வளவு கறுப்பு என்று பார்க்கிறது. சீற்றுக்கு அடியில் ஒயில் கசிகிறதா என்று பார்ப்பது அதன் வேலை இல்லை.

மணம் கூடியதும் நானா ஒரு கராஜுக்குக் கொண்டுபோனார். எந்த இடம் என்பது இங்கே தேவையில்லை. அரை மணித்தியாலத்தில் வேலை முடிந்தது. பழைய பெக்கிங்கையே திரும்ப வைத்து, சுற்றிவர ஒரு டியூப் சிலிக்கனைப் பூசி, நட்டுகளைப் பலங்கொண்ட மட்டும் இறுக்கி அனுப்பிவிட்டார்கள். காசும் குறைவு. ஒரு வாரம் மணமே இல்லை, அல்ஹம்துலில்லாஹ் என்றோம். இரண்டாம் வாரம் முன்பைவிட மோசம்.

பிறகுதான் கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கைக்குள் கராஜ் வைத்திருக்கும் வயதான தமிழ் பாஸ் ஒருவரிடம் போனோம். சனிக்கிழமை என்பதால் நாங்களும் கூடப் போய் நின்றோம். படிப்பிக்கிறவர்களுக்கு வேடிக்கை பார்க்கிற பழக்கம் கொஞ்சம் அதிகம்.

அவர் உடனே ஸ்பெனரை எடுக்கவில்லை. எஞ்சினை ஓடவிட்டு ஒயில் ஊற்றுகிற மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தார். பிறகு கவரிலிருந்து காற்று உறிஞ்சும் பக்கம் போகிற தடித்த ரப்பர் குழாயைக் கழற்றி வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். உள்ளே கறுப்புச் சேறு.

"சேர், பெக்கிங் மட்டும் பிழை இல்ல. எஞ்சினுக்கு மூச்சு அடைச்சிருக்கு."

சிலிண்டருக்குள் எரிகிற வாயுவில் கொஞ்சம் பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எப்போதும் கீழே இறங்கும். அது மேலே வந்து அந்தக் குழாய் வழியாக வெளியேற வேண்டும். வழி அடைத்தால் உள்ளே அழுத்தம் ஏறும், அது பெக்கிங்கைத் தாண்டி ஒயிலைத் தள்ளும். ரிங் தேய்ந்த எஞ்சினில் இந்த வாயு இன்னும் கூட. புதுப் பெக்கிங் போட்டாலும் இதைப் பார்க்காவிட்டால் திரும்பக் கசியும். எங்கள் எஞ்சினில் ரிங் இன்னும் மோசமில்லை, குழாயைக் கழுவினால் போதும் என்றார்.

எஞ்சின் நன்றாக ஆறும்வரை காக்கவைத்தார். பிறகு கவரைச் சுற்றியிருந்த மண்ணையும் தூசியையும் முதலில் துடைத்தார், திறந்த பிறகு அது உள்ளே விழக்கூடாது என்று. நட்டுகளைக் கழற்றிய பிறகும் சிலிக்கன் பிடித்திருந்ததால் கவர் வரவில்லை. நாங்கள் என்றால் ஸ்குரூ டிரைவரைச் செருகி நெம்பியிருப்போம். அவர் ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் தட்டித் தட்டியே எடுத்தார். நெம்பினால் விளிம்பில் கீறல் விழும், கீறலில் எந்தப் பெக்கிங்கும் நிற்காது.

கவரைப் புரட்டிக் காட்டினார். உள்விளிம்பு முழுக்கச் சிலிக்கன் புழுப் போல பிதுங்கி நின்றது. ஒரு துண்டு ஏற்கனவே அறுந்து போயிருந்தது. அது ஒயிலோடு கீழே சம்புக்குப் போய், பம்ப் உறிஞ்சுகிற வலையில் ஒட்டிக்கொண்டால் மேலே ஒயில் ஏறாது, கேம் சாஃப்ட் வறண்டு தேயும். கசிவை நிறுத்தப் பூசினது எஞ்சினையே கொல்லும். சம்பையும் கழற்றச் சொன்னார். நல்லவேளை, துண்டு அங்கேதான் கிடந்தது.

பஞ்சிகாவத்தையிலிருந்து புதுப் பெக்கிங்கும் நட்டுக்குக் கீழே வரும் ரப்பர் வொஷர்களும் வந்தன. சிலிக்கன் அவரும் பூசினார், ஆனால் பின்பக்க அரைவட்ட அடைப்பின் மூலைகளில் பருப்பளவுதான். மற்ற இடத்தில் பெக்கிங்கே போதும்.

எங்களில் ஒருவர் விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். இறுக்குகிற இடத்தில் அவர்தான் அதிகம் வியந்தார். நடு நட்டிலிருந்து தொடங்கி வெளியே, மாறி மாறி, மூன்று சுற்றில் கொஞ்சம் கொஞ்சமாக. ஓரத்தை முதலில் இறுக்கினால் நடு தூக்கும். இப்படியான கவர்களுக்குத் தேவைப்படும் இறுக்கமும் மிகக் குறைவு, பெரும்பாலும் 10 நியூட்டன் மீற்றருக்குள். 15 சென்றிமீற்றர் ஸ்பெனரின் நுனியில் 4 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிட்டால் ஏறத்தாழ 6 வருகிறது. அவ்வளவுதான். முதல் கராஜில் கையும் உடம்பும் சேர்ந்து தொங்கியிருக்கிறார்கள். கவர் லேசாக வளைந்திருந்தது, பாஸ் அதைக் கண்ணாடிப் பலகையில் வைத்துத் தட்டி நேராக்கினார்.

திருப்புதிறன் பற்றி கரும்பலகையில் படம் கீறி எத்தனை வருடம் படிப்பித்திருக்கிறோம்! ஒரு நட்டைக்கூடக் காட்டியதில்லை.

இனி, சொல்ல வெட்கமான பகுதி. கவரின் விளிம்பிலிருந்து அந்தப் பழைய சிலிக்கனை ஒரு பொடியன் பிளாஸ்டிக் துண்டால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒரு கீறல் விழவில்லை, ஒரு தூள் எஞ்சினுக்குள் விழவில்லை. நிமிர்ந்து "சேர்" என்றபோதுதான் அடையாளம் தெரிந்தது. எங்களிடம் படித்தவன். சாதாரண தரத்தில் கணிதம் போய்விட்டது. அவனுடைய தேர்ச்சி அறிக்கையில் "கவனம் போதாது" என்று எழுதியது எங்களில் ஒருவர்.

"படிக்காட்டி கராஜுக்குத்தான் போகணும்." இந்தப் பேச்சை நாங்கள் எல்லாரும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். வீட்டிலும் சொல்கிறோம். கராஜ் ஒரு தண்டனை என்று பிள்ளைகளின் காதில் போட்டுவிட்டு, நம் பிள்ளைகள் ஏறுகிற வண்டியை யார் ஒழுங்காகத் திருத்துவார்கள் என்று தேடுகிறோம். சிலிக்கன் டியூப்போடு அரை மணித்தியாலத்தில் வேலை முடிக்கிறவர்களை உருவாக்கியதில் நமக்கும் பங்கு உண்டு. வேலையை மதிக்காத ஊரில் வேலை பழகுகிறவன் அதை எப்படி மதிப்பான்?

நம் சமூகத்துக்கு இது பொருத்தமே இல்லாத பேச்சு. 1892இல் மருதானையில் ஸாஹிரா உருவாக உழைத்தவர்களில் வாப்பிச்சி மரைக்கார் கட்டட வேலைக்காரர், கொழும்பு நூதனசாலையைக் கட்டியவர். அடுத்த வருடம், 1893இல், அதே மருதானையில் தொழில்நுட்பக் கல்லூரி தொடங்கியது. ஜெர்மனியில் ருடோல்ஃப் டீசல் தன் எஞ்சினுக்குப் பேட்டண்ட் வாங்கியதும் அதே 1893இல்தான். உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு 2013இல் வந்தது. ஆனால் எங்கள் வகுப்பறைகளில் அந்தப் பிரிவின் பேரைச் சொல்லும்போது எங்கள் குரல் எப்படி இறங்குகிறது என்று எங்களுக்கே தெரியும்.

"எல்லாரும் டொக்டர், எஞ்சினியர் ஆகக் கூடாதா?" என்று ஒரு வாப்பா கேட்டார். ஆகட்டும், து‌ஆச் செய்கிறோம். கராஜுக்குப் போகிறவனும் நல்ல கையோடு, தலை நிமிர்ந்து போகட்டும் என்பதுதான் கேள்வி.

வேன் குரூப்பில் இப்போது ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். மாதக் காசோடு ஒரு சின்னத் தொகை தனியாக, வேனின் பராமரிப்புக்கு மட்டும். நானா பெக்கிங், பெல்ட், பிரேக் என்று மாற்றுகிற சாமானின் பில்லைக் குரூப்பில் போடுவார். இரண்டு பேர் மறுத்தார்கள், மற்றவர்கள் சம்மதம். உங்கள் வேனிலும் கேட்டுப் பாருங்கள். பணிய ஒயில் சொட்டுகிறதா என்று பார்க்க மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. வேன் நின்ற இடத்தில் காலையில் ஒரு அட்டையைப் போட்டுப் பார்த்தால் போதும்.

பாஸிடம் பழைய ஹெட் ஒன்றும் கவரும் கேட்டோம். சும்மா கிடக்கிறது, கொண்டுபோங்கள் என்றார். வகுப்பில் மேசையில் வைத்து நட்டு இறுக்குகிற ஒழுங்கைக் காட்ட அந்தப் பொடியனையே வரச்சொன்னோம். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டான்: "பெரிய சேர் ஏச மாட்டாரா சேர்?"

அதிபரிடம் இன்னும் கேட்கவில்லை. திங்கட்கிழமை கேட்கப் போகிறோம்.