ஈரல் ரிப்போர்ட்டும் ரத்தக் கொதிப்பும்

மும்பையில் ரயில் நிலையங்களை ஒட்டிய தெருக்களில் ரத்தப் பரிசோதனை நிலையங்கள் பெருகிவிட்டன. தாராவி, சயான், செம்பூர் பகுதிகளில் வாழும் தமிழர்களில் கம்பெனி குமாஸ்தா முதல் மூட்டை தூக்கும் தொழிலாளி வரை பலரும் அங்கே கையை நீட்டியவர்களே. ரிப்போர்ட்டில் "எஸ்.ஜி.பி.டி." என்ற வரிக்கு எதிரே எண் சற்றுக் கூடுதலாக இருக்கும். "மஞ்சள் காமாலையா?" என்று கேட்பார்கள். "இல்லை" என்று பதில் வந்ததும் ரிப்போர்ட் டிரங்குப் பெட்டிக்குள் போய்விடும். இந்த அலட்சியம் சரியல்ல.

ஈரலுக்குச் சேதம் ஏற்பட்டால் அதிலுள்ள என்சைம்கள் ரத்தத்தில் அதிகமாகக் கலக்கின்றன. எஸ்.ஜி.பி.டி., எஸ்.ஜி.ஓ.டி., ஜி.ஜி.டி. ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றுள் ஜி.ஜி.டி., ஈரலின் நிலையை மட்டுமின்றி, ரத்தக் கொதிப்பு வரக்கூடும் என்பதையும் முன்கூட்டியே காட்டுகிறது என்பது கவனிக்கத்தக்கது.

அமெரிக்காவில் 1985-86-ல் 18 முதல் 30 வயது வரையிலான சுமார் 5 ஆயிரம் பேரைச் சேர்த்து, 15 ஆண்டுகள் கவனித்தார்கள். அதன் முடிவு 2003-ல் வெளியாயிற்று. தொடக்கத்தில் ஜி.ஜி.டி. அதிகமாக இருந்தவர்களுக்குப் பின்னாளில் ரத்தக் கொதிப்பும் சர்க்கரை நோயும் கூடுதலாக வந்தன. சாதாரணம் என்று கருதப்படும் அளவுக்குள்ளேயே இந்தத் தொடர்பு காணப்பட்டது. தென்கொரியாவில் எஃகு ஆலைத் தொழிலாளர்களை 4 ஆண்டுகள் கவனித்தபோதும் இத்தகைய தொடர்பு தென்பட்டது.

இதைக் கொண்டு, என்சைம்தான் ரத்தக் கொதிப்பை உண்டாக்குகிறது என்று முடிவு கட்டக் கூடாது. ஈரலில் படியும் கொழுப்பு, தொந்தி, மது ஆகியவை இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். குடிப் பழக்கம் இல்லாதவருக்கும் ஈரலில் கொழுப்பு படியும். கடும் உடலுழைப்புக்கு மறுநாள் ரத்தம் எடுத்தால் எஸ்.ஜி.ஓ.டி. கூடியிருக்கலாம். சில வலிப்பு மாத்திரைகளால் ஜி.ஜி.டி. ஏறும். ஆகவே எண்ணைப் பார்த்ததுமே அலறவும் வேண்டாம். தாமாகவே ஈரல் டானிக் வாங்கிக் குடிக்கவும் வேண்டாம். டாக்டரிடம் காட்டிக் காரணத்தை அறிவதே முறை.

கூடவே பிரஷரும் பார்த்துக்கொள்ள வேண்டும். இதற்கு ஊசியும் வேண்டாம், பெரிய செலவும் இல்லை. மும்பை மாநகராட்சியின் "ஆப்லா தவாகானா"க்களில் இலவசமாகவே பார்க்கலாம். நிலையத்து மாடிப்படி ஏறி இறங்கிய கையோடு பார்க்கக் கூடாது. 5 நிமிஷம் அமைதியாக உட்கார்ந்த பிறகே பார்க்க வேண்டும். அதற்கு அரை மணி நேரம் முன்பு டீயும் பீடியும் ஆகாது. வெவ்வேறு நாட்களில் பார்த்தும் 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் ரத்தக் கொதிப்பு என்று பொருள். மதுவை விட்டு, தொந்தியைக் குறைத்தால் ஈரலுக்கும் நல்லது, பிரஷருக்கும் நல்லது. உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஊறுகாயும் கருவாடும் அப்பளமும் சேரும் சாப்பாட்டில் அந்த அளவு எளிதில் தாண்டிவிடும்.

கொழுப்பு ஈரலைத் தொற்றா நோய்த் தடுப்புத் திட்டத்தில் மத்திய அரசு 2021-லேயே சேர்த்துவிட்டது. ஆனால் ரிப்போர்ட் இங்கிலீஷில் வருகிறது. டாக்டர் இந்தியிலோ மராத்தியிலோ பேசுகிறார். தொழிலாளி தலையை ஆட்டிவிட்டு வெளியே வருகிறார். பக்கவாதத்தில் அவர் விழுந்தால் இங்குள்ள வீட்டு வாடகையும் நின்றுபோகும், ஊருக்குப் போகும் மணியார்டரை நம்பியிருந்த பெற்றோரின் பிழைப்பும் நின்றுபோகும்.

ஆகவே, தொழிலாளிக்கு ஈரல் பரிசோதனை செய்யும் நிர்வாகங்கள் அதே நாளில் பிரஷரும் பார்த்து, முடிவை அவருக்குப் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். மருத்துவ முகாம் நடத்தும் தமிழ்ச் சங்கங்கள் இரண்டு எண்களையும் தமிழில் ஒரே அட்டையில் எழுதிக் கொடுக்கலாம். பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல இது. சங்கங்கள் முன்வருமா?